பழைய ட்ராக்டருக்குப் பூட்டிய ஹீட்டர்

1

ஆடு வயரைக் கடித்துவிட்டது, ஒருக்கால் வந்து பார்க்க முடியுமா என்று ஹெலன் போனில் கேட்டபோது நான் பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஹெலன் கிழக்கு லண்டனின் ஓரத்தில் ஒரு சின்னப் பண்ணையை நடத்துகிறார். பால் பெட்டியிலிருந்து வருகிறது என்று நினைக்கும் நகரத்துப் பிள்ளைகள் பசுவையும் ஆட்டையும் பன்றியையும் நேரில் பார்க்க வரும் இடம் அது. அங்கே ஒரு பழைய டீசல் ட்ராக்டர் நிற்கிறது. சிவப்புப் பெயின்ட் போய், துருவே அதற்கு நிறமாகிவிட்டது. இந்த வருடம் ஜனவரியில் அந்த ட்ராக்டரின் எஞ்சினுக்கு நான் ஒரு ஹீட்டர் பூட்டினேன். ஆடு கடித்தது அந்த ஹீட்டரின் வயரைத்தான். நல்ல காலம், அந்த நேரம் கரண்ட் போட்டிருக்கவில்லை.

ட்ராக்டருக்கு ஹீட்டரா, அது என்ன குளித்துவிட்டா வரப்போகிறது என்று ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், விளங்கப்படுத்துகிறேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது ட்ராக்டரைப் பற்றிப் பெருமையடிக்க அல்ல. வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் பனியையும் தனிமையையும் எழுதி உங்களை உருக வைக்கிறார்கள். நான் எழுதப்போவது எனக்கு வெட்கமான ஒரு விஷயம். அதைச் சொல்லாமல் ஹீட்டரைப் பற்றி மட்டும் எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

2

நான் லண்டனுக்கு நேரே வந்தவன் அல்ல. அச்சுவேலியிலிருந்து கிளம்பி, அங்கே இங்கே அலைந்து, நோர்வேயின் வடக்கில் ஒரு சின்ன ஊரில் போய் விழுந்தேன். அங்கே குளிர்காலத்தில் மூக்குக்குள் இருக்கும் மயிரே உறைந்துபோகும். விவசாயிகளின் ட்ராக்டர்களைத் திருத்தும் ஒரு கராஜில் எனக்கு வேலை கிடைத்தது. கூட்டித் துடைக்கத்தான் முதலில் எடுத்தார்கள். பிறகு எஞ்சினில் கை வைக்க விட்டார்கள். 

அந்த ஊரில் ஒவ்வொரு வாகனத்தின் முகத்திலும் ஒரு வயர் தொங்கும். வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, இங்கே எல்லாரும் கரண்டில் கார் ஓடுகிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதியவன் நான். பிறகுதான் தெரிந்தது, அது எஞ்சின் ஹீட்டர். டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சின் போல அல்ல. அதில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கி வரும் சூட்டிலேயே டீசல் பற்றவேண்டும். இரும்பு முழுக்க விறைத்துப் போயிருந்தால் அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடும். ஒயிலும் சீனிப்பாணி மாதிரித் தடித்து, பட்டரி சுற்றிச் சுற்றிக் களைத்துவிடும். அதனால் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள் ஒரு சின்ன ஹீட்டரை வைத்து, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னே பிளக்கைச் செருகி விடுவார்கள். தேநீருக்குக் கேத்தில் போடுகிற மாதிரித்தான்.

பிள்ளை இங்கிலீஷில் படிக்க வேண்டும், கோயில் கிட்ட இருக்க வேண்டும், முருங்கைக்காய் வாங்க விமானம் ஏறக் கூடாது என்று சொல்லி, மகளுக்குப் பத்து வயதாகும்போது லண்டனுக்கு வந்தோம். ஐரோப்பாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அரைவாசிப் பேர் இதே காரணங்களைத்தான் சொல்வார்கள். பிளேஸ்டோவில் வீடு எடுத்தோம். என் நோர்வேஜியன் மொழி இங்கே ஒரு சதத்துக்கும் உதவவில்லை. இங்கிலீஷ் வாய்க்குள் வராமல் அடம்பிடித்தது. ஆகவே பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட்.

இங்கே நான் ஒரு சின்னக் கள்ள வேலையும் பார்த்தேன். நோர்வேயில் என்ன செய்தனீங்கள் என்று தமிழ் ஆட்கள் கேட்டால், "எஞ்சினியரிங் கொம்பனி" என்று சொல்லத் தொடங்கினேன். ட்ராக்டருக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. கொஞ்ச நாளில் அவர்களே என்னை எஞ்சினியர் ஆக்கிவிட்டார்கள். தமிழ்ப் பள்ளிக் கமிட்டியில் பொருளாளர் பதவியும் தந்தார்கள்.

3

என் மகள் பெயர் ஆரணி. ஒரே பிள்ளை. கெட்டிக்காரி. மிருக வைத்தியம் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன நாள், நான் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் மாட்டு டொக்டர் ஒருவர் சைக்கிளில் வருவார். பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்த மனிதர். பசு கன்று ஈன முடியாமல் கிடந்தால் அவருக்குத்தான் ஆள் அனுப்புவோம். வேலை முடிந்ததும் கிணற்றடியில் கை கழுவத் தண்ணீர் வார்ப்போம், அவ்வளவுதான். அவருக்கு எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பேசி வந்தபோது, "மாட்டுக்குப் பின்னால கையை விடுறவனுக்கோ பொம்பிளை குடுக்கிறது" என்று என் பெரியம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஆகவே யாரும் கேட்டால், "மகள் டொக்டருக்குப் படிக்கப்போறா" என்றேன். என் மனைவி வதனி இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னாள், "நீங்கள் முழுப் பொய் சொல்லுறேல்லை, பாதிதான் சொல்லுறியள். மிச்சப் பாதியையும் சொன்னா என்ன, வாய் கோணிப்போகுமோ?"

"பிறகு சொல்லுவம். இடம் கிடைக்கட்டும்" என்றேன்.

மிருக வைத்தியம் படிக்க இந்த நாட்டில் மார்க்ஸ் மட்டும் போதாது. மிருகங்களோடு வேலை செய்து பழகியிருக்க வேண்டும், யாராவது அதற்குச் சாட்சி எழுத வேண்டும். அதற்காகத்தான் ஆரணி ஹெலனின் பண்ணைக்குப் போகத் தொடங்கினாள். சனி, ஞாயிறுகளில் முழங்கால் மட்டும் வரும் றப்பர் சப்பாத்தோடு சாணி அள்ளினாள். வீட்டுக்கு வந்தால் மாட்டு வாசம் வீசும். வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் பைக்குள் போடச் சொல்லுவேன். பக்கத்து வீட்டுத் தமிழ் ஆட்களுக்கு மணக்கும் என்ற பயம் எனக்கு.

4

போன டிசம்பர் தொடக்கத்திலேயே லண்டனை நல்ல குளிர் பிடித்தது. பண்ணையில் குழாய்கள் உறைந்தன. மாடு ஆடுகளுக்குத் தண்ணீரை மறு கரையில் இருக்கும் கட்டிடத்திலிருந்து பெரிய தாங்கியில் இழுத்துவர வேண்டும். ட்ராக்டரோ காலையில் எழும்பமாட்டேன் என்றது. ஹெலனும் ஆரணியும் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். ஆரணியின் கைகள் வெடித்து இரத்தம் கசிந்தது.

ஒரு பின்னேரம் அவள் வந்து, "அப்பா, நான் ஹெலனுக்குச் சொல்லிப் போட்டன், என்ர டாட் நோர்வேயில ட்ராக்டர் மெக்கானிக், ஹீட்டர் பூட்டுவார் எண்டு" என்றாள். முகமெல்லாம் பெருமை.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீ?" என்று பாய்ந்தேன்.

"ஏன், மெய்தானே?" என்றாள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. 

லண்டனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரன் எனக்கு வீட்டுக்குள் வைக்கும் ஹீட்டரைக் காட்டினான். கடைசியில் நோர்வேயில் பழைய கராஜ் கூட்டாளிக்குப் போன் எடுத்து எஞ்சினின் விபரத்தைச் சொல்ல, அவன் பார்சலில் அனுப்பினான். ஹீட்டர் வந்துவிட்டது, ஆனால் தொட முடியாது. பண்ணைக்குப் பிள்ளைகள் வருவதால் எனக்குப் பொலிஸ் செக். ட்ராக்டரில் கை வைப்பதற்கு ஒரு பத்திரம். கை நசுங்கினால் யார் பொறுப்பு என்று இன்னொன்று. வயரை ஓர் எலெக்ட்ரீஷியன் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வடக்கு நோர்வேயில் எங்கள் முதலாளி இதற்கெல்லாம் ஒரு பார்வைதான் பார்ப்பார். நல்ல வேளையாக ஹெலன் பேப்பர் வேலையில் கெட்டிக்காரி, பொங்கலுக்கு முன் பத்திரங்கள் எல்லாம் முடிந்தன.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை பூட்டினேன். எஞ்சினின் பக்கவாட்டில் காசு வடிவில் தகட்டு மூடிகள் அடித்திருப்பார்கள். அதில் ஒன்றைக் கழற்றி அந்த ஓட்டைக்குள்தான் ஹீட்டர் போகும். முதலில் எஞ்சின் தண்ணீரை வடித்தேன். தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. தண்ணீர் உறையாமல் இருக்கப் பெயருக்குத்தான் குளிர் மருந்து கலந்திருந்தார்கள், இன்னும் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் அது உறைந்து எஞ்சினே பிளந்திருக்கும். மூடியின் ஒரு விளிம்பில் உளியை வைத்துத் தட்ட, அது சரிந்து திரும்பியது, குறட்டால் பிடித்து இழுத்தேன். துருச் சேறு முழங்கை மட்டும் வழிந்தது. ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து மினுக்கி, றப்பர் வளையத்துக்குக் கிறீஸ் பூசி, ஹீட்டரை உள்ளே விட்டு, அதன் கம்பி உள்ளிருக்கும் இரும்பில் முட்டாதபடி இடம் வலமாகத் திருப்பிப் பார்த்து இறுக்கினேன். இரும்பில் முட்டினால் கம்பி எரிந்துவிடும். தண்ணீர் நிரப்பாமல் பிளக்கைப் போட்டாலும் எரிந்துவிடும். அதனால் குளிர் மருந்து கலந்து நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, பட்டரியைச் சார்ஜ் பண்ணி, ஒருமாதிரி எஞ்சினை எழுப்பி, சூடாக ஓடவிட்டு, எங்கும் ஒழுகவில்லை என்று கண்ட பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். வயரைக் காற்றாடியிலும் புகைக்குழாயிலும் படாதபடி கட்டி, நோர்வே பிளக்கை வெட்டி மூன்று கம்பிப் பிளக் மாட்ட, எலெக்ட்ரீஷியன் வந்து சோதித்துப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார்.

இடையில் ஒரு பசு வேலிக்கு மேலால் தலையை நீட்டி என் பின்கழுத்தில் மூச்சு விட்டது. நான் கையிலிருந்த குறட்டைக் கீழே போட்டுவிட்டுத் துள்ளி எழும்ப, ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். அச்சுவேலி ஆளுக்கு மாடு பயம் என்பதை ஹெலனுக்கும் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லண்டனுக்கு வந்த பிறகு அப்படி ஒரு பின்னேரம் எங்கள் இருவருக்கும் வாய்க்கவில்லை. என் கை செய்த வேலையை அவள் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்குள் ஏதோ இளகிப் போனது.

5

அடுத்த நாள் அதே பண்ணைக்குத் தமிழ்ப் பள்ளி வருவதாக இருந்தது.

அந்த ஜனவரியில் ஊரிலிருந்து வந்த போர்ச் செய்தியைக் கேட்டுவிட்டுப் பொங்கலைக் கொண்டாட எவருக்கும் மனம் வரவில்லை. மேடை, பாட்டு, சாப்பாடு எல்லாவற்றையும் கமிட்டி நிறுத்தியது. சின்னப் பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டுமே என்று, பட்டிப் பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை அவர்களை ஒரு பசுவிடம் கூட்டிக்கொண்டுபோய் மாலை போட்டுக் கும்பிட வைப்போம் என்று தலைவர் யோகேஸ்வரன் அண்ணை சொன்னார். பண்ணை ஒழுங்கு பண்ணும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆரணிதான் ஹெலனிடம் கேட்டு ஒழுங்கு பண்ணினாள். அதை நான் கமிட்டிக்குச் சொல்லவில்லை. தெரிந்த இடம் ஒன்று என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஆரணி கேட்டாள். "அப்பா, நாளைக்கு நான்தான் பசுவைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். நீங்கள் எல்லாருக்கும் சொல்லுங்கோ, இது என்ர மகள், வெட் ஆகப்போறா எண்டு. நானாச் சொன்னா வேற மாதிரி. நீங்கள் சொல்ல வேணும். ப்ளீஸ்."

"ஓம், சொல்லுறன்" என்றேன். சொல்வேன் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

காலையில் இருட்டோடு போய்ப் பிளக்கைப் போட்டோம். மூன்று மணித்தியாலம் கழித்து ஹெலன் திறப்பைச் செருகித் திருப்பியதும், ஒரு இருமல்கூட இல்லாமல் எஞ்சின் பிடித்தது. ஹெலன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். தண்ணீர்த் தாங்கி போய்ச் சேர, மாடுகள் முட்டி மோதிக் குடித்தன. நான் வயரின் கட்டு ஒன்றை இறுக்கிவிட்டு வந்து முகம் கழுவி, கொண்டுவந்த நல்ல சேர்ட்டை மாற்றலாம் என்று ட்ராக்டருக்கு அடியில் போன நேரம் பார்த்துத் தமிழ்ப் பள்ளி பஸ் வந்துவிட்டது. ஜென்மத்தில் நேரத்துக்கு வராத சனம்.

வெளியே வந்தபோது யோகேஸ்வரன் அண்ணை பட்டுச் சால்வையோடு நிற்கிறார். நான் கிறீஸ் பூசிய முகத்தோடு நிற்கிறேன். 

"என்ன தம்பி நாதன், இது என்ன கோலம்?"

"ட்ராக்டர் ஸ்டார்ட் வருதில்லையாம் அண்ணை. எஞ்சினியர் எண்டு அறிஞ்சா விடுவினமே? ஒருக்காப் பார்த்துக் குடுத்தனான்" என்றேன். பொய் எவ்வளவு வழுவழுப்பாக வந்தது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஆரணி பசுவைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கம்பளித் தொப்பி காதை மூடியிருந்தது. உடுப்பெல்லாம் சேறு. சின்ன வயதில் சில மாதம் தமிழ்ப் பள்ளிக்கு வந்துவிட்டு நின்றவள். அவளை அங்கே ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் பூமாலையைப் பசுவின் கழுத்தில் போட்டார்கள், குங்குமம் வைத்தார்கள். அதுவரை எல்லாம் நல்லபடியாகப் போனது. பிறகு யோகேஸ்வரன் அண்ணையின் வீட்டில் பொங்கிய சர்க்கரைப் புக்கைப் பானை வெளியே வந்தது. பட்டிப் பொங்கலுக்குப் பொங்கியதை மாட்டுக்கு ஊட்டாமல் விடுவோமா? அவர் வாழையிலையில் ஒரு பெரிய கவளத்தை அள்ளிக்கொண்டு பசுவுக்குக் கிட்டப் போனார். அந்த இலை அப்டன் பார்க் கடையில் அதற்கென்றே வாங்கியது.

"சொறி அங்கிள், அது குடுக்கேலாது" என்று ஆரணி குறுக்கே நின்றாள். "கிச்சினில சமைச்சது ஒண்டும் அனிமல்ஸுக்குக் குடுக்கக் கூடாது. இஞ்ச அது சட்டம். சோறும் சர்க்கரையும் அவைக்கு வயித்துக்கும் கூடாது." நிதானமாகத்தான் சொன்னாள். அவள் தமிழும் நல்லாகத்தான் இருந்தது.

யோகேஸ்வரன் அண்ணையின் முகம் கறுத்தது. இத்தனை பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால், சாணிச் சப்பாத்துப் போட்ட ஒரு பெண்பிள்ளை அவரைத் தடுத்துவிட்டாள். "மாட்டுக்குப் பொங்கல் குடுக்கக் கூடாதெண்டு ஒரு தமிழ்ப் பிள்ளை சொல்லுது, கேட்டியளே?" என்று சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஆரிண்ட பிள்ளை இது?"

எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்விகளிலேயே சாதாரணமான கேள்வி அது. ஆரணி பசுவின் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது. இதோ அப்பா சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பாள்.

"தெரியேல்லை அண்ணை. இஞ்ச வேலை செய்யிற பிள்ளையாக்கும்" என்றேன்.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வாய் சிரித்தபடியே இருக்க, கண் மட்டும் மாறியது. பிறகு அவள் குனிந்து பசுவின் கழுத்து மாலையைச் சரிசெய்தாள். புக்கையைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். யோகேஸ்வரன் அண்ணை எனக்கும் ஒரு இலையில் தந்தார். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நாங்கள் பசுவை இலட்சுமி என்று கும்பிட வந்த கூட்டம். அந்தப் பசுவின் நலத்துக்காக வாய் திறந்தவள் என் பிள்ளை ஒருத்திதான். அவளைத்தான் நான் தெரியாது என்றேன். எதற்காக? பட்டுச் சால்வை போட்ட ஒரு மனிதர் என்னைப் பற்றி நினைத்திருந்ததைக் காப்பாற்ற.

6

அவள் சண்டை பிடிக்கவில்லை. அழவில்லை. வதனிக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வதனி என்னை வீட்டில் இருக்க விட்டிருக்க மாட்டாள். அன்றிலிருந்து ஆரணி என்னோடு மிகவும் மரியாதையாக நடந்தாள். "தாங்க்யூ அப்பா", "இல்லை, பரவாயில்லை அப்பா" என்று, எங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை மாதிரி. முன்பெல்லாம் கோபம் வந்தால் நோர்வேஜியனில் கத்துவாள். அந்தக் கத்தலும் நின்றுபோனது. பிள்ளைகள் லண்டனில் கைவிட்டுப் போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் கூடுமிடமெல்லாம் புலம்புகிறார்கள். நானும் அந்தப் புலம்பலில் சேர்ந்து தலையாட்டியவன்தான். என் பிள்ளை கைவிட்டுப் போகவில்லை. நான் தள்ளிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எத்தனையோ தரம் அவள் அறைக் கதவு வரை போயிருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். ஒக்டோபரில் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். ஹெலன் அவளுக்கு அருமையான சாட்சிக் கடிதம் எழுதியதாக வதனிதான் எனக்குச் சொன்னாள்.

7

ஆடு கடித்த வயருக்காக இந்த டிசம்பர்ச் சனிக்கிழமை மறுபடி அங்கே போனேன். ஆரணி வழக்கம்போல மாடுகளோடு நின்றாள். புது வயர் போட்டு, ஆட்டின் வாய் எட்டாத உயரத்தில் ஒரு இரும்புக் குழாய்க்குள்ளால் அதைக் கொண்டுபோனேன். பிளக்கைப் போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து ஹெலன் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு நான் அடியில் போய் வயரின் கட்டுகளைப் பார்த்த நேரம், ஒரு தமிழ்ப் பெண் சின்ன மகளோடு வேலிக்கரையில் நின்றார். நோர்பரியிலிருந்து எங்கள் பக்கத்துக்குப் புதிதாக வீடு மாறி வந்தவராம். ஆரணி அந்தக் குழந்தைக்கு ஆட்டுக்குட்டியைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ட்ராக்டருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வர, அந்தப் பெண் அவளிடம் கேட்டது காதில் விழுந்தது. "இவரும் எங்கட ஆள் போலக் கிடக்கு. ஆர் இவர், பிள்ளை?"

"ட்ராக்டர் திருத்த வாறவர், அன்ரி" என்றாள் ஆரணி.

நான் குனிந்து குறடு, உளி எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கினேன்.

பஸ் தரிப்புக்கு நடக்கும்போது கேட்டேன். "கோபமோ பிள்ளை?"

"என்னத்துக்கு?" என்றாள். பிறகு விளங்கிக்கொண்டு, "ஐயோ, இல்லை அப்பா. தமிழ் ஆக்களுக்கு முன்னால உங்களுக்கு அதுதான் விருப்பம் எண்டு நினைச்சன். அவ போய் ஆருக்காவது சொன்னா உங்களுக்குத்தானே சங்கடம்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். பழிவாங்கச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் ஏறி ஒன்றாக இருந்தோம். அடுத்த தரிப்பில் அந்தப் பெண்ணும் குழந்தையும் ஏறி எங்களுக்கு முன் சீற்றில் இருந்தார்கள். அவர் திரும்பிச் சிரித்தார். "அண்ணை எந்த இடம்?"

"அச்சுவேலி."

"இஞ்ச எங்க இருக்கிறியள்?"

"பிளேஸ்டோ."

"பிள்ளையும் பிளேஸ்டோவே?"

ஆரணி தன்னைப் பற்றிய கேள்வி அல்ல என்பது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

"ஓம் தங்கச்சி. ஒரே வீடு. இவ என்ர மகள்" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. என்னையும் என் கிறீஸ் படிந்த ஜாக்கெட்டையும் பார்த்தார். ஆரணியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஆனால் தலைகீழாக. "ஏன் பிள்ளை, அப்பா எண்டு சொல்ல வெக்கமே?" என்று ஆரணியிடம் கேட்டார். பிறகு எனக்கு ஆறுதல் சொன்னார். "மனசில வச்சிருக்காதையுங்கோ அண்ணை. இஞ்சத்தைப் பிள்ளையள் இப்பிடித்தான்."

ஆரணியின் கழுத்து வரை சிவந்துவிட்டது. நடந்ததைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லாமல், அந்தப் பழியை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இல்லைத் தங்கச்சி" என்றேன். என் குரல் பெரிதாகிவிட்டது, பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்கள். "அவவுக்கு ஒரு வெக்கமும் இல்லை. நான்தான் போன தைப்பொங்கலுக்கு அதே பண்ணையில, எங்கட ஆக்களுக்கு முன்னால, இவவை ஆரெண்டு தெரியாது எண்டு சொன்னனான். இவ மாட்டு டொக்டருக்குப் படிக்கப்போறா. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் எஞ்சினியரும் இல்லை. ட்ராக்டர் திருத்தினவன். இவ இண்டைக்குச் சொன்னது நான் பழக்கினது."

பாவம், அந்தப் பெண். முன்னால் திரும்பி மகளின் தொப்பியை இழுத்துச் சரிசெய்தார். 

ஆரணி என் ஜாக்கெட் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் நிரம்பியிருந்தது. "ஏன் அப்பா இப்பிடி ஆக்களுக்கு முன்னால?" என்று மெல்லக் கேட்டாள்.

"அண்டைக்கும் ஆக்களுக்கு முன்னாலதானே சொன்னனான், பிள்ளை."